அறுவை அரங்கை எதைக் கொண்டு அளப்பது?

2008 ஜூலை இறுதியில், விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவசக் கண் முகாம் ஒன்றிலிருந்து ஏழை எளியவர்கள் பெரம்பலூருக்கு அழைத்துவரப்பட்டார்கள். தனியார் கண் மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்கில் அவர்களுக்குக் கண்புரை நீக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏற்பட்ட கிருமித்தொற்றில் 60-க்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்ட கண்ணில் பார்வையை இழந்தார்கள். வழக்கு சிபிஐ விசாரணைவரை போனது. மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த கண், சரிசெய்யப் போன இடத்தில் இருண்டுபோனது.

அதே கண்புரை, அதே தமிழ்நாடு, வேறொரு வரலாறும் உண்டு. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் ஓர் அறுவை அரங்குக்குள் மேசைகள் அடுத்தடுத்துப் போடப்பட்டிருக்கும். ஒருவருக்கு அறுவை முடியும் நேரத்தில் அடுத்தவர் பக்கத்து மேசையில் தயாராக இருப்பார். மருத்துவர் இருக்கையைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடுவார். மேலைநாட்டு விதிப்புத்தகம் ஒரே அறையில் இரண்டு நோயாளிகளை ஏற்காது. ஆனாலும் அரவிந்த் குழுவினர் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டது 10,000 பேரில் 7 பேருக்கு. அறுவை முடிவில் கண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தும் பழக்கம் வந்தபின் அது 2 ஆகக் குறைந்தது.

அறுவை ஒன்று, முடிவு இரண்டு. இந்த வேறுபாட்டுக்கு எந்தப் பெரிய இயந்திரமும் காரணமில்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி இங்கிருந்தே எழுகிறது. அறுவை அரங்கின் வளர்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோம்? பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் அதை எதைக் கொண்டு அளக்க வேண்டும்?

பொதுவாக அளக்கும் முறை எளிது. புதிய கட்டடம், புதிய விளக்கு, புதிய கருவி, திறப்பு விழா. இவை வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சையின் வரலாற்றைப் பார்த்தால், உயிரைக் காத்தவை எவை, பெயரை வளர்த்தவை எவை என்று பிரித்தறிய முடியும். மூன்று வாசல்கள் வழியாக அந்த வரலாறு நகர்ந்திருக்கிறது: வலி, கிருமி, வழி. ஒவ்வொன்றாக எடை போடலாம்.

வலி

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து வலியற்ற அறுவையைப் பலர் முன்னிலையில் காட்டினார். ஐந்தே மாதத்தில், 1847 மார்ச்சில், அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கடல் தாண்டும் தந்தியும் விமானமும் இல்லாத காலத்தில் இத்தனை வேகமாகப் பரவிய மருத்துவப் புதுமைகள் குறைவு. 1898-இல் ஆகஸ்ட் பீர் முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். இன்று சிசேரியனுக்கு உள்ளே போகும் தாய்மார்களில் பெரும்பாலோர் ‘முதுகில் ஊசி போட்டார்கள்’ என்று சொல்வது அதைத்தான். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அவோயாகி உருவாக்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை உதடு நீலமாகும் முன்பே சொல்லிவிட்டது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்த அந்தச் சிறு கருவி, அதற்கு முன் பல பத்தாண்டுகளாகத் தியேட்டருக்குள் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது.

இந்த வாசலைப் பற்றிய மதிப்பீடு தயக்கமற்றது. விலை குறைவு, பயன் பெரிது. ஆனால் இதன் உயிர்நாடி மனிதர். மானிட்டர் ஓசை எழுப்பும். அந்த ஓசையைக் கேட்டு என்ன செய்ய வேண்டும் என்று அறிந்தவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். மயக்கவியல் மருத்துவர் இல்லாத இரவில், எவ்வளவு பளபளப்பான அரங்கும் பூட்டிய அறைதான். நடுநிசியில் செந்துறைப் பக்கத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுவரும் குடும்பத்துக்கு, அரசின் சீமாங் என்னும் அவசர மகப்பேறு மையத்தில் அன்றிரவு அந்த ஒருவர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி.

கிருமி

1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைக் காக்கும் முறையை வெளியிட்டார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஜெர்மனியில் எர்னஸ்ட் பெர்க்மனும் ஷிம்மல்புஷும் நீராவியால் துணியையும் கருவியையும் தூய்மையாக்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். இன்றும் அறுவை அரங்கின் அடித்தளம் அந்த ஆட்டோகிளேவ்தான்: 121 டிகிரி வெப்பம், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். வெப்பம் உள்ளே எட்டியதா என்று காட்ட நிறம் மாறும் நாடா உண்டு. ஆனால் கிருமி உண்மையாகவே செத்ததா என்று அறிய, வெப்பத்தைத் தாங்கும் நுண்ணுயிரின் வித்துகள் அடங்கிய சிறு குப்பியை உள்ளே வைத்து, பிறகு அது முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடாவைப் பார்ப்பது ஒரு நொடி வேலை. குப்பியைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது ஒழுக்கம்.

இதில் நம் மண்ணுக்கே உரிய சிக்கலும் உண்டு. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கடலடியாக இருந்த நிலம் இது. கல்லில் கிளிஞ்சல் படிமம் கிடைக்கும். அந்தக் கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. இப்படிப்பட்ட நிலத்தின் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் என்பது இங்கே சமையலறை அறிவு. அதே தண்ணீர் ஆட்டோகிளேவின் கொதிகலனுக்குப் போனாலும் அப்படித்தான் படியும், குழாயை அடைக்கும், நீராவியின் தரத்தைக் கெடுக்கும். தண்ணீரை மென்மையாக்கும் சாதனமும், அதைப் பராமரிக்க ஒரு தொழில்நுட்பரும் இல்லாத மருத்துவமனையில் எத்தனை லட்சம் ரூபாய் ஆட்டோகிளேவ் வாங்கினாலும் அது சில ஆண்டுகளில் நோஞ்சானாகிவிடும். கல் லாரிகள் ஓயாமல் ஓடும் ஊரில் அரங்குக் காற்றின் வடிகட்டி மற்ற ஊர்களைவிட விரைவில் அடைபடும். அதற்கான மாற்றுச் செலவை ஆண்டுத் திட்டத்தில் சேர்க்காமல் அரங்கைக் கட்டுவது, டீசலுக்குப் பணம் வைக்காமல் பம்ப்செட் வாங்குவது போன்றது.

கிருமியோடு நடத்தும் போரில் எந்த ஆயுதம் வென்றது என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காக, தூய காற்று ஒரே சீராகப் பாயும் அரங்கை 1960-களில் வடிவமைத்தார். உலகமெங்கும் பெரும் செலவில் அதைக் கட்டினார்கள். இன்றும் மருத்துவமனை விளம்பரங்களில் ‘லேமினார் ஃப்ளோ தியேட்டர்’ என்பது பெருமைச் சொல். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, மூட்டு மாற்று அறுவையில் தொற்றைக் குறைப்பதற்காக அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று அறிவுறுத்தியது. சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் அதுவே சொன்னது. எனினும் அத்தனை செலவை நியாயப்படுத்தும் பயன் தென்படவில்லை.

மறுபுறம் 2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று. இந்தியா உட்பட 7 நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். சோதித்தது மிக எளிய ஒன்றை: வயிற்று அறுவை முடிந்து காயத்தைத் தைப்பதற்கு முன், குழுவினர் கையுறைகளை மாற்றிக்கொண்டு புதிய கருவிகளை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. நூறு பேரில் மூன்று பேர் சீழ் பிடித்த வயிற்றோடு வாரக்கணக்கில் கிடக்காமல் தப்பினார்கள், புதிய கையுறைகளாலும் கருவிகளாலும். நம் பக்கத்து மருத்துவமனைகளோ இன்னமும் ஃபார்மலின் புகை போட்டு அறையைப் பூட்டிவைப்பதைத் தூய்மையின் உச்சமாகக் கருதுகின்றன. அந்தப் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தரையையும் மேசையையும் தேய்த்துக் கழுவுவதற்கு அது ஈடாகாது.

2008-இல் பெரம்பலூரில் தோற்றது இந்த இரண்டாவது வாசலில்தான். லிஸ்டருக்கு 141 ஆண்டுகள் கழித்து.

வழி

மூன்றாவது வாசல்தான் இன்று எல்லோரும் பேசுவது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூயே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை அகற்றினார். அன்று அவரைச் சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா அதை இந்தியாவில் செய்தார். கோவையில் டாக்டர் சி. பழனிவேலு அதைத் தமிழ்நாட்டில் வளர்த்தெடுத்தார். இதன் பயனை இந்த இரு மாவட்டங்களின் கணக்கில் பார்ப்பதே சரி. பருத்தி எடுக்கவோ மக்காச்சோளம் அறுக்கவோ போகும் ஒருவருக்கு, பெரிய தையலோடு படுத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் கூலி இழப்பு. சின்னத் துளைகளோடு சில நாட்களில் வீடு திரும்புவது அவருக்கு அழகு சார்ந்த விஷயம் இல்லை. அது அடுப்பு எரிவதைப் பற்றியது. எனவே இந்தத் துளை வழி அறுவை, அதாவது லேப்ராஸ்கோப்பி, மாவட்ட மருத்துவமனைக்கு ஆடம்பரம் என்ற வாதத்தை ஏற்க முடியாது.

ஆனால் அதை எப்படிக் கொண்டுவருவது என்பதில் தேர்வு உண்டு. வழக்கமான முறைக்கு வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்ப வேண்டும், முழு மயக்கம் தர வேண்டும். வாயு சிலிண்டரும் மயக்கவியல் மருத்துவரும் எளிதில் கிடைக்காத வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றிய டாக்டர் ஜே. ஞானராஜ், வயிற்றுச் சுவரை ஒரு கருவியால் மேலே தூக்கிப் பிடித்து, முதுகுத்தண்டு ஊசியோடு, வாயுவே இல்லாமல் அதே அறுவையைச் செய்யும் முறையைப் பரப்பினார். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் இந்தியக் கிராம அறுவை மருத்துவர்களோடு சேர்ந்து அதற்கென ஒரு கருவியையும் வடிவமைத்தார்கள். எல்லா அறுவைக்கும் இது பொருந்தாது. உள்ளே கிடைக்கும் இடம் சற்றுக் குறைவு. ஆயினும் இருப்பதைக் கொண்டு செய்யும் அறிவு இது. நம் மாவட்டங்கள் பார்க்க வேண்டிய திசை இதுவே.

புதிய வழி என்பதாலேயே அது நல்ல வழி ஆகிவிடாது என்பதற்கும் ஒரு கடுமையான பாடம் உண்டு. தமிழகக் கிராமப் பெண்களைப் பெரிதும் வருத்தும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் துளை வழி அறுவை உலகெங்கும் பரவியிருந்தது. 2018-இல் வெளியான ஒப்பாய்வில், நாலரை ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்த பழைய முறையில் 96.5 சதவீதம், துளை வழி, ரோபோ வழி முறைகளில் 86 சதவீதம். சின்னத் தழும்பு கொடுத்தது, நோய் திரும்பும் ஆபத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பரவிய பிறகே சோதித்தார்கள் என்பதுதான் இதில் வேதனை.

இனி ரோபோ. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய் செலவில் ரோபோ அறுவைப் பிரிவு தொடங்கியது. ஏழை நோயாளிக்கும் அந்த வசதி கிட்டட்டும் என்ற எண்ணம் மதிக்கத்தக்கது. தலைநகரில் ஒரு மேல்நிலை மையத்தில் அது இருப்பதில் நியாயமும் உண்டு. ஆனால் மலக்குடல் புற்றுநோய் அறுவையில் ரோபோவையும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் 471 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், இடையில் வயிற்றைத் திறக்க நேர்வது ரோபோவில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. மருத்துவரின் கைக்கும் முதுகுக்கும் அது இதம் தருகிறது. நோயாளிக்கு அது தரும் கூடுதல் நன்மை, அந்த விலைக்கு ஈடாக அந்த ஆய்வில் நிறுவப்படவில்லை.

இரு மாவட்டங்களின் கணக்கு

இப்போது அளவுகோலைக் கையில் எடுப்போம். 2015-இல் லான்செட் ஆணையம் உலக அறுவைச் சிகிச்சைக்கு ஒரு கணக்கு சொன்னது: ஆண்டுக்கு லட்சம் பேருக்கு 5,000 அறுவைகள் நடக்க வேண்டும், அறுவை, மயக்கவியல், மகப்பேறு மூன்றிலும் சேர்த்து லட்சம் பேருக்கு 20 சிறப்பு மருத்துவர்களாவது வேண்டும், சிசேரியன், வயிற்றைத் திறக்கும் அவசர அறுவை, எலும்பு வெளியே தெரியும் முறிவுக்குச் சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். மொத்தம் 13.2 லட்சம். ஆணையத்தின் கணக்குப்படி இந்த இரு மாவட்ட மக்களுக்கு ஆண்டுக்கு 66,000 அறுவைகள், நாளொன்றுக்கு 180 தேவை. சிறப்பு மருத்துவர்கள் 264 பேர் வேண்டும். அரசும் தனியாரும் சேர்ந்து இதில் எவ்வளவு நிறைவேற்றுகிறார்கள் என்பதைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பதே முதல் சீர்திருத்தமாக இருக்கும்.

மூன்று அறுவைகளில் எலும்பு முறிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். பெரம்பலூரைக் கிழித்துக்கொண்டு போகிறது திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள். 2008-இல் வந்த 108 ஆம்புலன்சும், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டமும் நல்ல ஏற்பாடுகள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் பணம் தடையாக இருக்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது பெரிய விஷயம். ஆனால் நேரம் என்ற தடையைப் பணத்தால் மட்டும் விலக்க முடியாது. ஆண்டிமடத்தில் அடிபட்டவரைத் திருச்சிக்கு அனுப்பினால், போய்ச் சேருவதற்குள் அந்த இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். அரங்கு அரியலூரிலேயே, இரவிலும், ரத்த வங்கியோடு விழித்திருக்க வேண்டும்.

2022 ஜனவரியில் 150 இடங்களோடு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரிலோ மருத்துவக் கல்லூரி தனியாருடையது. அரசின் பெரிய மருத்துவமனை மாவட்டத் தலைமை மருத்துவமனைதான். கல்லூரி வந்ததன் உண்மையான பயன், பேராசிரியர்களும் பயிற்சி மருத்துவர்களும் அங்கே இரவு தங்குவார்கள் என்பதே. கருவி வாங்க ஒரு நிதியாண்டு போதும். மயக்கவியல் மருத்துவர் ஒருவரை உருவாக்க எட்டு, ஒன்பது ஆண்டுகள் வேண்டும்.

மறுதரப்பு

எதிர்வாதத்தை அதன் வலுவோடு கேட்க வேண்டும். ‘சிறிய ஊர்களுக்குச் சிறிய தொழில்நுட்பம் என்று சொல்வது, ஏழைக்கு இரண்டாந்தரச் சிகிச்சை போதும் என்பதுதானே? நவீனக் கருவி இல்லாத இடத்துக்கு இளம் மருத்துவர்கள் வருவார்களா? அங்கே படிக்கும் மாணவர்கள் பின்தங்கிவிட மாட்டார்களா?’

கடைசி இரண்டு கேள்விகளில் உண்மை இருக்கிறது. அதனாலேயே லேப்ராஸ்கோப்பி, நல்ல மானிட்டர்கள், எலும்பு அறுவையின்போதே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரே ஆகியவை இரு மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் குறையின்றி இருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் முதல் கேள்வியின் அடிப்படை தவறு. இரண்டாந்தரம் என்பது கருவியின் விலையில் இல்லை, முடிவில் இருக்கிறது. அரவிந்தில் ஒரு கண்புரை அறுவை வெளியிடும் கரிமம், இங்கிலாந்தில் அதே அறுவை வெளியிடுவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் என்று 2017-இல் ஆய்வு சொன்னது. சிக்கனமும் உயர்தரமும் ஒரே மேசையில் இருக்க முடியும் என்பதைத் தமிழ்நாடே உலகுக்குக் காட்டியிருக்கிறது.

ஒழுக்கத்தைக் காகிதமாக்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதையே கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 101 மருத்துவமனைகளில் கட்டாயமாக்கியபோது இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் எதுவாயினும், தாளில் ‘டிக்’ போடுவது வேறு. கத்தியை எடுக்கும் முன் எல்லோரும் ஒரு கணம் நின்று ‘யாருக்கு, எந்தப் பக்கம், என்ன அறுவை’ என்று வாய்விட்டுச் சொல்வது வேறு. செவிலியர் ஒருவர் தலைமை மருத்துவரைப் பார்த்து ‘சார், கொஞ்சம் நில்லுங்க’ என்று சொல்ல முடிகிற அரங்கில்தான் பட்டியல் வேலை செய்யும்.

தீர்ப்பு

‘தியேட்டர்’ என்ற சொல் சும்மா வந்ததில்லை. பழைய ஐரோப்பாவில் அறுவையைப் படிப்படியான இருக்கைகளில் அமர்ந்து பலர் பார்த்தார்கள். கிருமியை அறிந்தபின் பார்வையாளர்களை வெளியேற்றிக் கதவைச் சாத்தினோம். அது சரியான முடிவு. ஆனால் கதவோடு சேர்த்துக் கணக்கையும் சாத்திவிட்டோம். உள்ளே எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. 2008 போல ஒரே நேரத்தில் பலர் பாதிக்கப்பட்டால் மட்டுமே செய்தியாகிறது. ஒவ்வொருவராகப் பாதிக்கப்படுகிறவர்கள் ‘விதி’ என்று வீடு திரும்புகிறார்கள்.

1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவர் இல்லை, வண்டியை ஓட்டியவர் இல்லை. ஆனாலும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். பொறுப்பு என்றால் என்ன என்று நாட்டுக்குப் பாடம் கற்பித்த மண் இது. இங்கிருந்தே அறுவை அரங்குகளுக்கான பொறுப்பும் தொடங்கட்டும்.

எடை போட்டு முடித்தபின் என் தீர்ப்பு இது. வலியையும் கிருமியையும் வென்ற முதல் இரண்டு முன்னேற்றங்களே இந்த மாவட்டங்களுக்கு இன்றும் தலையாய தேவை; அவை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. லேப்ராஸ்கோப்பி வரட்டும், எளிய வடிவிலும் வரட்டும். ரோபோவும் லேமினார் காற்றும் காத்திருக்கலாம். அந்தப் பணம் மயக்கவியல் மருத்துவர்களுக்கும், தொழில்நுட்பர்களுக்கும், மென்னீர்ச் சாதனத்துக்கும், ரத்த வங்கிக்கும், இரவுப் பணிக்கும் போகட்டும். இரு மாவட்டங்களிலும் அறுவை நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும், அரசோ தனியாரோ, ஆண்டுக்கு ஒருமுறை மூன்று எண்களை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும்: செய்த அறுவைகள், தொற்று வந்தவர்கள், இறந்தவர்கள்.

அந்தப் பலகை இல்லாத மருத்துவமனையில், எந்தக் கருவியின் படத்தைக் காட்டினாலும், அந்த மூன்று எண்களைக் கேளுங்கள்.